விமானி கம்பெனி மாறலாமா?

(மும்பை செம்பூரில் நடந்த உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில், ஓய்வு பெற்ற விமான கேப்டன் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "விமானி ஆவது எப்படி என்று குழந்தைகளுக்கு அரைமணி நேரம் சொல்லுங்கள்" என்றார். அதைச் சொல்லப் பறக்கும் பள்ளிகள் இருக்கின்றன, பத்திரிகையில் பெரிதாக விளம்பரமும் போடுகின்றன. அதனால் அவரிடம் அனுமதி கேட்டு விஷயத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். விமானி ஆன பிறகு, ஒரு கம்பெனியில் ஏழெட்டு வருஷம் ஓட்டிய பிறகு, இன்னொரு கம்பெனி கூப்பிட்டால் என்ன செய்வது? நான் 2023ல் 65 வயதாகி ஓய்வு பெற்றேன். நம் நாட்டில் பயணிகள் விமானம் ஓட்ட அதுதான் கடைசி வயது. அதற்குப் பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். "அங்கிள், அங்கே கூப்பிடறா, போகலாமா?" கேட்பது பையனோ பெண்ணோ இல்லாவிட்டால் அவர்களுடைய அப்பா அம்மாவாக இருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அந்தப் போன் என் அண்ணா பிள்ளையிடமிருந்தே வந்தது. இன்றைய பேச்சு முழுக்க அவன் கதைதான், நடுநடுவே என் கதையும் வரும்.

அவன் தில்லியில் இருக்கிறான். ஏர்பஸ் 320ல் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது பக்க நாற்காலி. 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தாகிவிட்டது. கேப்டனுக்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸ் வாங்க 1,500 மணி நேரம் போதும், அது அவனிடம் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் இருப்பதும் கேப்டன் ஆவதும் வேறு வேறு. கம்பெனியில் இடம் காலியாக வேண்டும், வரிசையில் நம் முறை வர வேண்டும். அவன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில் உள்நாட்டிலேயே இன்னொரு கம்பெனி, "சென்னை பேஸ் தருகிறோம், ஒரு வருஷத்தில் கமாண்ட் அப்கிரேடு" என்று கூப்பிட்டது. மூன்றாவதாக வளைகுடாவில் ஒரு பெரிய நிறுவனம். பெரிய விமானம், வரியில்லாத சம்பளம், வீட்டு வாடகை, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ். "சித்தப்பா, நீங்க மூணு கம்பெனி பார்த்தவர். எது சரி, சொல்லுங்கோ" என்றான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் 1983ல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தேன். பத்து வருஷம் வலது பக்க நாற்காலி. அங்கே எல்லாம் சீனியாரிட்டி நம்பர்தான். யார் கேப்டன் ஆவது, யார் எந்த விமானத்துக்குப் பயிற்சிக்குப் போவது, யாருக்கு எந்த ஊர், தீபாவளிக்கு யாருக்கு லீவு, எல்லாம் அந்த நம்பரைப் பொறுத்தது. கெட்டிக்காரத்தனத்துக்கு அதில் இடம் குறைவு. ரேஷன் கடை கியூ மாதிரி, முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நாம் நகரலாம்.

அப்போது தனியார் கம்பெனிகள் வந்தன. 1953ல் விமானப் போக்குவரத்தை அரசுடைமையாக்கிய சட்டம் 1994ல் ரத்தானது. அதற்கு முன்பே ஏர் டாக்ஸி என்ற பெயரில் தனியார்கள் போயிங் 737 விமானங்களைக் கொண்டுவந்து பறக்க ஆரம்பித்திருந்தார்கள். 737 ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தியாவில் வேறு எங்கே இருந்தார்கள்? எங்களிடம்தான். சம்பளம் மூன்று மடங்கு, உடனே இடது பக்க நாற்காலி. அண்ணா அப்போது சென்னையில் ஆடிட் ஆபீசில் இருந்தார். "கவர்மெண்ட் உத்தியோகத்தை விடாதேடா" என்று நாலு பக்கத்துக்கு இன்லண்டு லெட்டர் எழுதினார். (இன்லண்டில் நாலு பக்கம் எப்படி என்று கேட்காதீர்கள், ஓரமெல்லாம் எழுதுவார்.) நான் 1994ல் விட்டேன்.

அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் முளைத்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இல்லாமல் போயின, அதிலே அதுவும் ஒன்று. முதல் வருஷம் ராஜ வாழ்க்கை. இரண்டாம் வருஷம் சம்பளம் பத்தாம் தேதி, அப்புறம் இருபதாம் தேதி. அப்புறம் "அடுத்த வாரம்". ஏழு மாசம் சம்பளமே வரவில்லை. ஆனாலும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய் ஓட்டினோம், விட்டுவிட்டால் பழைய பாக்கி வராதே என்று. அந்த ஏழு மாசமும் அண்ணா மாசாமாசம் டிராஃப்ட் எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். நான்தான் சொன்னேனே என்று ஒரு வரி எழுதியதில்லை.

கம்பெனி மூடிய பிறகு இன்னொரு விஷயம் தெரிந்தது. சம்பளத்தில் பிடித்த பிராவிடண்ட் ஃபண்டைக் கட்டவே இல்லை. பிடித்த வருமான வரியையும் முழுக்கக் கட்டவில்லை. எனக்கு வருமான வரி இலாகாவிலிருந்து நோட்டீஸ்! இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு இதைக் கண்டுபிடிக்க ஏழு மாசம் காத்திருக்க வேண்டாம். வரிப் பிடித்தம் கட்டப்பட்டதா என்று 26ஏ.எஸ். படிவத்தில் தெரியும். பி.எஃப். பாஸ்புக் செல்போனிலேயே தெரியும். எந்த உத்தியோகமானாலும் சரி, ஒரு கம்பெனி திணறுகிறது என்பது பேப்பரில் வருவதற்கு முன் அந்த இரண்டு இடத்தில் தெரிந்துவிடும். நம் வீட்டுக் குழந்தைகளை மூன்று மாசத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

1997ல் எனக்கு வயது 39. வேறொரு கம்பெனியில் மறுபடி வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது பக்கத்தில் இருந்தவர் என்னைவிட ஆறு வயது சின்னவர். நல்ல மனிதர், "சார்" என்றுதான் கூப்பிடுவார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸில் எனக்குப் பின்னால் நம்பர் இருந்தவர்கள் அதற்குள் கேப்டனாகிவிட்டிருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், கம்பெனி மாறும் விமானி விட்டுவிட்டுப் போவது சம்பளத்தை இல்லை, கியூவில் தன் இடத்தை. பாங்க் உத்தியோகத்திலோ ஐ.டி.யிலோ பத்து வருஷ அனுபவத்தோடு போனால் பத்து வருஷத்துக்கு உரிய நாற்காலி கிடைக்கும். விமானத்தில் கேப்டனாக இருப்பவர், அதே ரக விமானம் ஓட்டும் கம்பெனிக்குப் போனால் பெரும்பாலும் கேப்டனாகவே போகலாம். ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அப்படி இல்லை, கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். அதே ரகம் என்று சொன்னேனே, அதுவும் முக்கியம். ஏர்பஸ் 320 ஓட்டுபவருக்கு இண்டிகோ, ஏர் இந்தியா கதவுகள் திறக்கும். போயிங் 737 என்றால் ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற டைப் ரேட்டிங் என்று மறுபடி பயிற்சி வேண்டும். அதற்குச் செலவு, அந்தச் செலவுக்கு பாண்டு. பாண்டு என்றால் இத்தனை வருஷம் இருக்கிறேன், இல்லாவிட்டால் இத்தனை லட்சம் கட்டுகிறேன் என்று கையெழுத்து.

"அப்படியானால் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டால் சரியாச்சே" என்று இங்கே மாமா ஒருவர் தலையாட்டுகிறார். அதுவும் சரியில்லை, மாமா. நாம் நகராமல் நின்றாலும் கியூ நம்மைச் சுற்றி நகர்ந்துவிடும். 2007ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தார்கள். இரண்டு சீனியாரிட்டி வரிசைகள். யார் முன்னால், யார் பின்னால்? புதிய போயிங் 787 விமானத்துக்கு யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ற சண்டையில் 2012ல் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு பகுதியினர் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளியே பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. எனக்கும் அதில் எல்லாம் சம்மதமில்லை. ஆனால் இருபது வருஷம் கியூவில் நின்றவனைப் பின்னால் போ என்றால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

2024லும் இதே கதை. விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணையப் போகிறது என்று புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். விமானியின் சம்பளம் எப்படி என்றால், மாசத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாக உண்டு, அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு. விஸ்தாராவில் உறுதியான மணி நேரம் 70 ஆக இருந்தது. புது ஒப்பந்தத்தில் 40. மார்ச், ஏப்ரலில் விமானிகள் வரவில்லை, விமானங்கள் ரத்தாயின. அந்த நவம்பர் 12ந் தேதி இணைப்பும் முடிந்தது. ஆகையால் யாராவது "மாசம் இத்தனை லட்சம்" என்று சொன்னால் முதல் கேள்வி, அதில் உறுதி எவ்வளவு, பறந்தால் வருவது எவ்வளவு? 2020ல் மார்ச் 25லிருந்து மே 25 வரை உள்நாட்டு விமானமே கிடையாது. பறந்தால் வரும் பணத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அன்றைக்கு இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அண்ணா பிள்ளையிடம் திரும்பி வருகிறேன். அவனிடம், "ஆஃபர் லெட்டர் அப்புறம் பார்க்கலாம். போன பன்னிரண்டு மாச ரோஸ்டரை எடுத்துண்டு வா" என்றேன்.

ரோஸ்டர் என்பது எந்த நாள் எந்த விமானம் என்ற அட்டவணை. பைலட் மாப்பிள்ளை பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன், ஜாதகத்தோடு அதையும் ஒரு பார்வை பாருங்கள். விமானம் காலை 5.40க்கு என்றால் விமானிக்கு நாலரைக்கு முன்னால் ரிப்போர்ட்டிங். வீட்டு வாசலில் கார் மூன்று மணிக்கு. அலாரம் இரண்டேகால். இது ஒரு நாள் இருந்தால் பரவாயில்லை. நாலு நாள் தொடர்ந்து வந்தால் ஐந்தாம் நாள் நம் மூளை நம்முடையதாக இருக்காது. ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும், அதற்குக் கேப்டன் என்றும் தெரியாது, காவல்காரன் என்றும் தெரியாது.

2010 மே 22ந் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துபாயிலிருந்து ராத்திரி புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் பயணத்தின் பெரும்பகுதி பேச்சே இல்லை, குறட்டைச் சத்தம்தான். கேப்டன் தூங்கி எழுந்திருந்தார். எழுந்தவுடன் இருக்கும் மந்தம் அவருடைய முடிவைப் பாதித்தது என்று விசாரணை அறிக்கை சொல்லிற்று. வலது பக்கத்தில் இருந்தவர் இறங்க வேண்டாம், மேலே போய்விடலாம் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். அந்த அறிக்கையை நான் பயிற்சி கொடுக்கும்போது ஒவ்வொரு வகுப்பிலும் படிக்க வைப்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஓய்வு நேர விதிகளின் சரித்திரமே தனியாக ஒரு பேச்சுக்கு ஆகும். 2007ல் டி.ஜி.சி.ஏ. கொஞ்சம் கடுமையான விதி போட்டது, கம்பெனிகள் முடியாது என்றன, 2008ல் அதை நிறுத்தி வைத்து 1992ன் பழைய விதிக்கே திரும்பினார்கள். விமானி சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011ல் தோற்றன. பிறகு 2024 ஜனவரியில் மறுபடி புது விதி. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்றால் ஐந்து மணி வரை என்பது ஆறு மணி வரை என்று ஆயிற்று. ராத்திரி வேலையில் இரண்டு முறைக்கு மேல் தரையிறங்கக் கூடாது. அந்த ஜூன் மாசமே வர வேண்டியது, கம்பெனிகள் தவணை கேட்டன, தள்ளிப்போயிற்று. தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2025 ஜூலையில் பாதி, நவம்பரில் மீதி என்று அமலுக்கு வந்தது.

வந்தவுடன் என்ன ஆயிற்று? 2025 டிசம்பரில் இண்டிகோவிடம் புது விதிப்படி ஓட்ட விமானிகள் போதவில்லை. 5ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. கார்த்திகை முகூர்த்தத்துக்குக் கிளம்பி ஏர்போர்ட் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். அரசு 2026 பிப்ரவரி 10 வரை இரவு விதிகளில் சிலவற்றிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அன்றைக்குக் கோபத்தில், "இந்த பைலட்டுகளுக்கு எவ்வளவு ரெஸ்ட்தான் வேணுமாம்" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். விதி வரப்போகிறது என்பது ஒன்றே முக்கால் வருஷம் முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும். ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க அந்த அவகாசம் போதாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, நல்ல சிநேகிதர், விட்டுவிட்டேன்.

சரி, ரோஸ்டர். அவன் கொண்டுவரவில்லை. என் மாட்டுப்பெண்தான், அதாவது அவன் மனைவி, குருக்ராமில் ஒரு கம்பெனியில் வேலை, அவள்தான் கொண்டுவந்தாள். அவன் கொடுக்கும் ரோஸ்டரை அவள் ஒரு காலண்டரில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தாள். குழந்தைக்கு நாலு வயது, அப்பா என்றைக்கு வருவார் என்று காட்டுவதற்காக. உட்கார்ந்து எண்ணினோம். வருஷத்தில் 112 ராத்திரி வெளியூர் ஹோட்டல். 97 நாள் விடியற்காலை நாலு மணிக்கு முன் அலாரம். இதெல்லாம் விதிக்கு உட்பட்டதுதான், ஒரு நாள்கூட மீறல் இல்லை. பறந்த நேரமும் வருஷத்துக்கு அனுமதித்த 1,000 மணிக்குள்தான்.

அப்புறம் அவள் சொன்னாள்: "சித்தப்பா, கேப்டன் ரெண்டு வருஷம் கழிச்சு ஆனாலும் பரவாயில்லை. அப்பாவை சனிக்கிழமை டயாலிசிஸுக்கு யார் கூட்டிண்டு போறதுன்னு மட்டும் சொல்லுங்கோ."

அண்ணாவுக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மன்னி போய் மூன்று வருஷம் ஆகிறது. நங்கநல்லூர் வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். செவ்வாய், வியாழன் பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் அழைத்துப் போகிறான். சனிக்கிழமை அவனுக்கு வேறு சவாரி. எனக்கு ஏழு மாசம் டிராஃப்ட் அனுப்பிய மனிதர், இன்றைக்குச் சனிக்கிழமை காலையில் தெருவில் நின்று ஆட்டோ தேடுகிறார். இந்த விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணா என்னிடம் சொன்னதே இல்லை.

வளைகுடா அப்போதே போயிற்று. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. என் சிநேகிதர்கள் பலர் அங்கே போய்க் கடனெல்லாம் அடைத்துப் பெண் கல்யாணம் செய்தார்கள். ஆனால் அங்கே வேலை போனால் விசாவும் போகும், வீடும் போகும், குழந்தையின் ஸ்கூலும் போகும். 2020 கோவிட்டில் எமிரேட்ஸ் மாதிரிப் பெரிய நிறுவனமே விமானிகளை வேலையிலிருந்து நீக்கியது. முப்பது வயதுக்குள், அப்பா அம்மா திடமாக இருக்கும்போது என்றால் நான் போ என்றே சொல்லியிருப்பேன்.

மீதி இரண்டு. சென்னை ஆஃபர் லெட்டரை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் பேஸ் சென்னை என்று கொட்டை எழுத்து. ஆறாம் பக்கத்தில், நிர்வாகத் தேவைக்கு ஏற்ப எந்த ஊருக்கும் மாற்றலாம் என்று சின்ன எழுத்து. "ஒரு வருஷத்தில் கமாண்ட்" என்பதற்குப் பக்கத்தில் "காலியிடத்தைப் பொறுத்து". நான் அவனிடம், பதினெட்டு மாசமாவது சென்னையை மாற்ற மாட்டோம் என்று எழுத்தில் வாங்கு என்றேன். "கேட்டா ஆஃபரையே வாபஸ் வாங்கிடுவாளோ, சித்தப்பா?" என்று பயந்தான். வாங்கினால் வாங்கட்டும், சேர்ந்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரியட்டும் என்றேன். மூன்று வாரம் கழித்து மெயிலில் கொடுத்தார்கள். கமாண்ட் விஷயத்தில் எதுவும் தரவில்லை.

இன்றைக்கு விமானிகள் கேட்கலாம். ஏர் இந்தியா 2023ல் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, அதே வருஷம் இண்டிகோ 500. விமானத்தைத் தொழிற்சாலையில் வாங்கலாம், கேப்டனை வாங்க முடியாது. அதற்கு வருஷங்கள் ஆகும்.

போவது என்று முடிவு செய்தாலும் மறுநாள் போய்விட முடியாது. டி.ஜி.சி.ஏ.யின் 2017 விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாசம் நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருஷம். விமானிகள் கூட்டமாக விலகினால் பயணிகள் தவிப்பார்கள் என்பது அரசு தரப்பு நியாயம், அதைத் தள்ள முடியாது. 2023ல் ஆகாசாவிலிருந்து 43 பேர் நோட்டீஸ் காலம் முடிக்காமல் போனார்கள் என்று அந்தக் கம்பெனி நீதிமன்றத்துக்கே போயிற்று. விமானி தரப்பு நியாயமும் உண்டு. ஒரு வருஷத்தில் ஒரு விமானக் கம்பெனிக்கு என்னவெல்லாம் ஆகலாம்! கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் 2019 ஏப்ரல் 17. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம், முதல் நாள் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது, அடுத்த நாள் திவால் மனு. கூப்பிட்ட கம்பெனி ஒரு வருஷம் கழித்து நாம் போகும்போது இருக்க வேண்டுமே.

அந்த விதியிலேயே ஒரு நல்ல பிரிவு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நோட்டீஸ் காலத்தில் கம்பெனி சம்பளத்தையோ சலுகையையோ குறைத்தால், முன்னதாக விடுவிக்கும்படி விமானி கேட்கலாம். கையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இன்ஷூரன்ஸ். விமானி வருஷா வருஷம் மெடிக்கலில் தேற வேண்டும். ஒரு ஈ.சி.ஜி. சரியில்லை என்றால் வருமானம் நின்றுவிடும். அதற்காக லைசென்ஸ் இழப்புக் காப்பீடு உண்டு. பல கம்பெனிகளில் அது குழுக் காப்பீடு, விலகிய நாளோடு முடிந்துபோகும். புதுக் கம்பெனியில் அது என்றைக்கு ஆரம்பம் என்று கேட்காமல் ராஜினாமா எழுதக் கூடாது. அண்ணா பிள்ளை இடைவெளிக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்தான்.

கேள்வி நேரத்தில் முதல் வரிசை மாமி ஒருவர் கேட்டதையும் சேர்த்துவிடுகிறேன். "என் பேத்தி பைலட் ஆகணும்கறா. கல்யாணம் குழந்தைன்னு வந்தா இதெல்லாம் நடக்குமா?" நம் நாட்டு விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைவிட மிக அதிகம். எனக்குப் பயிற்சி மாணவியாக வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது கேப்டன்கள். நடக்கும், மாமி. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தையோடு யார் இருப்பார்கள் என்ற கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்காதீர்கள், வரப்போகும் மாப்பிள்ளையிடமும் கேளுங்கள். (கைதட்டல்)

அண்ணா பிள்ளை முடிவு எடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. சென்னை ஆஃபரைத் தள்ளிப்போட்டு, பழைய கம்பெனியிலேயே சென்னை பேஸ் கிடைக்குமா என்று இரண்டு முறை எழுதிக் கேட்டான். கியூவில் அவன் நம்பருக்குக் கிடைக்கவில்லை. பிறகு ராஜினாமா கொடுத்தான். கொடுத்த மறு வாரமே கமாண்ட் பயிற்சி வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். புது இடத்தில் உறுதிச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. அதை அண்ணாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் வரும் என்று செயலாளர் இப்போது ஞாபகப்படுத்துகிறார். சரி, தெரிந்துதான் போகட்டும்.

ஆறு மாச நோட்டீஸில் நாலு மாசம் முடிந்திருக்கிறது. மாட்டுப்பெண் சென்னைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. இரண்டு மாசத்துக்குச் சனிக்கிழமைகளில் நான் போகிறேன். நேற்று அவனோடு பேசினேன். நாளைக்கு விடியற்காலை தில்லியிலிருந்து ராஞ்சி, மூன்று மணிக்குக் கார் வரும், தூங்கப் போகிறேன் சித்தப்பா என்று வைத்துவிட்டான்.